நான்கு விரல் ஓணான்

ஊரில் அவருக்கு ஓணான் வாத்தியார் என்று பெயர். பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான். ஆனால் அந்தக் கணக்கு ஒருவருக்கும் நினைவில்லை. வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஓணானும் தவளையும் பிடிக்கப் போனார் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவர் வீட்டுக்கு மாதம் ஒரு பீப்பாய் சாராயம் வந்து இறங்குவதைப் பார்த்து ஊர் முதலில் வேறு மாதிரி சந்தேகப்பட்டது. அதை அவர் குடிக்கவில்லை, புட்டியில் கெடாமல் வைக்கும் தவளைகளுக்குத்தான் ஊற்றுகிறார் என்று தெரிந்த பிறகு சந்தேகம் போய்விட்டது; பரிதாபம் வந்துவிட்டது.

ஓணான், தவளை, பாம்பு எல்லாவற்றையும் சேர்த்து அவர் ஒரு புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார். அது பகுதி பகுதியாக வெளிவந்தது. வாத்தியார் எழுதுவார். அவர் மனைவியின் அண்ணன் படம் வரைவார். படம் அச்சகத்துக்குப் போய் அச்சுக் கல்லில் ஏறி, வெறும் கறுப்புக் கோடுகளாக இருநூறு பிரதி வீட்டுக்குத் திரும்பி வரும். அந்த இருநூறுக்கும் தூரிகையால் வண்ணம் பூசுவது மனைவியின் வேலை. ஒரே ஓணானின் ஒரே முதுகுக்கு ஒரே பழுப்பை இருநூறு தடவை பூசியவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும். அட்டையில் வாத்தியார் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு படத்தின் அடியிலும், இடது மூலையில், எறும்பு ஊர்ந்தது போல அண்ணன் பெயர் இருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பின்கட்டில் ஒரு சின்ன அறையில் இருந்தார். பகலெல்லாம் நடுக்கூடத்து ஜன்னலோரம் அவர் மேசை; அதற்கு எதிரே தங்கையின் மேசை; இரண்டுக்கும் நடுவில் ஒரு கூடை. அந்த வீட்டில் காகிதத்தை வெளியே எறியக் கூடாது. அது வாத்தியார் போட்ட சட்டம். வரைந்து கெட்டுப்போன தாளெல்லாம் கூடைக்குப் போகும். புதிதாகக் கரைத்த வண்ணம் எப்படி உலர்கிறது, எப்படிக் கசிகிறது என்று தங்கை அந்தத் தாள்களில்தான் பூசிப் பார்ப்பாள். அதனால் கூடைக்குள் கடவுள் படைக்க மறந்ததெல்லாம் இருந்தது: சிவப்புக் கால் தவளை, பச்சை உதட்டுப் பாம்பு, பாதி உடம்பு மஞ்சளான ஆமை. அதற்கும் உபயோகம் தீர்ந்தால் புட்டிகளைச் சுற்றி அனுப்பும் காகிதமாகிவிடும். வெளியூர் ஆராய்ச்சிக்காரர்களோடு வாத்தியார் உயிரினங்களைப் பண்டமாற்றுச் செய்துகொள்வார். புட்டிக்கு இரண்டு தாள், நன்றாகக் கசக்கி, அப்புறம் வைக்கோல், அப்புறம் பெட்டி. பெட்டி கட்டுவதும் அவள்தான்.

மலையடிவாரத்தில் ஒரு ஓணான் கிடைத்தது; அந்த நாளிலிருந்தே வீட்டில் உரசல். யாரும் இதுவரை எழுதாத இனம் என்று வாத்தியாருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. முதுகில் இரட்டை வரிசை முள், தொண்டையில் சுருக்கம் சுருக்கமாகத் தொங்கும் மஞ்சள் தோல். அன்று அவர் சாப்பிடவே இல்லை, புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். பார்த்ததும் வாத்தியார் முகம் சுருங்கியது.

"முன்னங்கால்ல விரல் அஞ்சு இருக்கணும் மச்சான். எண்ணிப் பாருங்க."

"எண்ணிட்டேன் மாப்பிள்ளை. நாலுதான் இருக்கு."

"ஒண்ணு சண்டையில போயிருக்கும். ஓணானுக்கு அஞ்சுதான்."

"மத்த ஓணானைப் பத்தி எனக்குத் தெரியாது. இந்த ஓணானுக்கு நாலு."

வாத்தியார் அவருக்கு ஒரு பாடமே எடுத்தார். பழைய காலத்துப் புத்தகங்களில் சொர்க்கப் பறவைக்குக் காலே கிடையாதாம். வியாபாரிகள் காலை வெட்டிவிட்டுத் தோலை மட்டும் அனுப்பினார்கள். வந்ததை வந்தபடியே ஓவியர்கள் வரைந்தார்கள். படித்த மேதைகள் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பறவை சாகிற வரைக்கும் தரையில் இறங்காது என்று எழுதினார்கள். இன்னொரு ஓவியர் காண்டாமிருகத்தை நேரில் பார்க்காமலே அதன் முதுகில் ஒரு குட்டிக் கொம்பை வைத்துவிட்டார். பார்க்காதவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்து வரைந்து, அந்தக் கொம்பு இருநூறு வருடம் வாழ்ந்தது. "தப்பான படத்துக்கு ஆயுசு கெட்டி" என்று முடித்தார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஐந்து விரலோடு ஒன்று பிடித்துத் தந்தால் ஐந்து வரைவதாகச் சொன்னார். மூன்றாம் நாள் ஐந்து விரலோடு ஒன்று கிடைத்தது. அண்ணன் மறுபடி வரைந்தார். நான்கு விரல் தாள் கூடைக்குப் போனது. பதினான்காம் படம் என்று எண் போட்டு, ஐந்து விரல் தாள் அச்சகத்துக்குப் போனது.

அந்தப் பகுதியின் படங்கள் அச்சாகி வந்தபோது அடியில் அண்ணன் பெயர் இல்லை. மூலை வெறுமையாக இருந்தது. பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று எடுக்கச் சொன்னதாக வாத்தியார் சொன்னார். அண்ணன் அந்த மூலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அடுத்த வாரம் இரண்டு நாள் நகரத்துக்குப் போய்விட்டு வந்தார். எதற்கு என்று தங்கை கேட்டதற்கு, சும்மா என்றார். அண்ணன் வாழ்நாளில் சும்மா ஒரு தெருவைக்கூடத் தாண்டியவர் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரத் தபாலில் இயற்கையியல் சங்கத்தின் இதழ் வந்தது. வாத்தியார் நின்றபடியே பிரித்தார், நின்றபடியே படித்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். நகரத்து அருங்காட்சியகத்தை நடத்தும் டாக்டர், வாத்தியாரோடு பல வருடம் பண்டமாற்றுச் செய்துகொண்டவர், அதே ஓணானைத் தன் கண்டுபிடிப்பாக எழுதியிருந்தார். கூடவே படம். எந்த உயிருக்கும் முதலில் அச்சில் போட்டவர் வைத்த பெயர்தான் நிலைக்கும். வாத்தியாரின் பகுதி இன்னும் வண்ணம் பூசி முடியாமல் வீட்டிலேயே கிடந்தது. டாக்டர் வைத்த பெயர் 'நான்கு விரல் ஓணான்.'

வாத்தியார் இதழை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் மேசையில் விரித்து வைத்தார். தங்கை எதிர் மேசையில் இருந்தாள். அவளுக்கு இதழின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"நாலு விரல் படம் உலகத்துலயே ஒண்ணுதான் மச்சான். வரைஞ்சது நீங்க. அது எப்படி அங்க போச்சு?"

அண்ணன் படத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணைச் சந்தித்ததும் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் குடுக்கல" என்றார்.

"அப்ப யாரு குடுத்தா?"

"தெரியல மாப்பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னார். வாத்தியார் இதழை உருவிக்கொண்டு போய் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். தங்கைக்கு அந்தப் பார்வை மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. குற்றமில்லாதவன் கண்ணைத் தாழ்த்துவானா? பெயரை எடுத்த கோபம் இருந்தது. நகரத்துக்குப் போய்வந்தது இருந்தது. கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். நான்கு விரல் தாள் இல்லை. அன்றிலிருந்து அவள் அண்ணனை வேவு பார்க்க ஆரம்பித்தாள். இதை வேறு வார்த்தையில் சொல்லி அவளைக் காப்பாற்ற முடியாது. எப்போது எழுந்திருக்கிறார், யாருக்கு எழுதுகிறார், தபால்காரனிடம் ஏன் வாசலிலேயே நின்று பேசுகிறார் என்றெல்லாம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எல்லாமே கோணலாகத் தெரிந்தது. அண்ணன் பென்சில் சீவுவதுகூட எதையோ மறைப்பதற்காகத்தான் என்று பட்டது.

மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தாள். நான்கு சட்டைகளுக்கு அடியில் ஒரு கவர் இருந்தது. உள்ளே கடிதம் இல்லை. கவரின் பின்பக்கம் அச்சடித்த முகவரியில் பாதி கிழிந்து, தெருவின் பெயர் மட்டும் மிச்சமிருந்தது. அது அருங்காட்சியகம் இருக்கிற தெரு. பெட்டி அனுப்பும்போதெல்லாம் அவள் கையாலேயே எழுதிய தெரு.

கவரை இருந்த இடத்திலேயே வைத்துச் சட்டைகளை அடுக்கினாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அண்ணனிடமே கேட்டிருக்கலாம். மத்தியானம் சாப்பாடு போடும்போது கணவனிடம் சொல்லிவிட்டாள்.

வாத்தியார் கத்தவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கூடத்துக்குப் போய், மச்சானிடம் பெட்டியில் இருக்கும் கவரைப் பற்றிக் கேட்டார். அண்ணன் முகம் வெளுத்தது. பெட்டியை யார் திறந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தவர், வாத்தியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அது என் சொந்த விஷயம் என்று மட்டும் சொன்னார். சொந்த விஷயத்தைச் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வாத்தியார். ஒரு மணி நேரத்தில் அண்ணன் பெட்டியோடும் பென்சில் டப்பாவோடும் வாசலில் நின்றார்.

"மஞ்சள அளவாக் கரைச்சுக்க. கெட்டியாப் போட்டா அடியில இருக்குற கோடு மறைஞ்சிடும்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். அவள் தலையை ஆட்டினாள். வாய் திறந்து போய்வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

நான்கு நாளில் ஒரு தபால் அட்டை வந்தது. நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு மாதம் முன்பு வந்து பார்த்துவிட்டுப் போன வேலைதான், கவலைப்பட வேண்டாம். பள்ளியின் முகவரி அருங்காட்சியகத் தெரு. வாத்தியார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "பாத்தியா, அதே தெரு. வேலை வாங்கிக் குடுத்ததே அந்த டாக்டராத்தான் இருக்கும்" என்றார். சந்தேகம் வந்தவனுக்கு எந்தத் தெருவும் ஒரே வீட்டில்தான் போய் முடியும். ஆனால் தங்கை அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கவர் வேலைக்கானது என்றால், தெருவைத் தவிர அண்ணன்மேல் என்ன மிச்சமிருக்கிறது?

வாத்தியார் சங்கத்துக்கு ஒரு கடிதம் தயார் செய்தார். மூன்று பக்கம். இதழில் அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையோடு. அதில், என்னிடம் வேலை பார்த்த ஓவியர் என் படத்தைத் திருடி டாக்டருக்குக் கொடுத்தார் என்று அண்ணன் பெயரைப் போட்டே எழுதியிருந்தது. அது அச்சானால் அண்ணனுக்குப் பள்ளி வேலை என்ன, சுவரில் சுண்ணாம்பு அடிக்கும் வேலைகூடக் கிடைக்காது. வாத்தியார் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் தெளிவாகப் பிரதி எடுத்துத் தரச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். டாக்டரின் வாசகங்களைப் பிழையில்லாமல் எடுத்தெழுத வேண்டும் அல்லவா? இழுப்பறையைத் திறந்து இதழையும் தந்தார். மறுநாள் காலைத் தபாலில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தவளை பிடிக்கக் கிளம்பினார்.

அவள் எழுத உட்கார்ந்தாள். இதழைப் புரட்டினாள். படம் இருந்த பக்கம் வந்தது.

அதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அண்ணன் வரைந்த அதே வளைந்த குச்சி, அதே திருகிய வால், அதே நான்கு விரல். கணவன் அதையெல்லாம் சொல்லியிருந்தார். அவர் சொல்லாதது ஒன்று இருந்தது. ஓணானின் தொண்டை நீலமாக இருந்தது.

நீலம் அவள் பூசியது.

பன்னிரண்டாம் படத்துத் தவளையின் வயிற்றுக்காக ஒரு புது நீலக் கட்டி வாங்கியிருந்தார்கள். அண்ணன்தான் அதைக் கரைத்துக் கொடுத்தார். கசிகிறதா என்று பார்க்க, கூடையில் மேலாகக் கிடந்த தாளை எடுத்து, அதிலிருந்த ஓணானின் தொண்டைச் சுருக்கங்களில் ஓட்டிப் பார்த்தாள். சுருக்கம் தாண்டிக் கழுத்துக்குக் கொஞ்சம் கசிந்தது. டாக்டரின் படத்திலும் கழுத்து வரைக்கும் வந்து நின்றது நீலம். அதே வாரம் டாக்டருக்கு ஆறு புட்டி சாதாரணத் தவளை பெட்டி கட்டி அனுப்பினாள். புட்டிக்கு இரண்டு தாள்.

டாக்டர் அந்த மிருகத்தைப் பார்த்ததே இல்லை. தவளைப் புட்டியைச் சுற்றி வந்த கசங்கிய காகிதத்தைத் தடவி நேராக்கி வைத்துக்கொண்டு, நான்கு விரல் என்றும் நீலத் தொண்டை என்றும் இரண்டு பக்கம் அளந்துவிட்டிருக்கிறார். அந்த மனிதரைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமில்லை. அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்த்தது ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. நீலத்தைக் கரைத்தவருக்கு அந்த நீலம் தெரியாதா? அவர் கண்ணைத் தாழ்த்தியது அவளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக. அவள் மேசைமேல் தலையை வைத்து அழுதாள். வெட்கத்தில் அழுதாள்.

வாத்தியார் மாலையில் சேற்றுக் காலோடு வந்தபோது மேசையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று டாக்டரின் படம். இன்னொன்று பதினான்காம் படத்தின் ஒரு பிரதி. அதன் தொண்டையில் அதே நீலக் கட்டியிலிருந்து அவள் அப்போதுதான் பூசியிருந்தாள். ஈரம்கூடக் காயவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். புட்டி, கூடை, தாள், வாரம், எல்லாம் வரிசையாகச் சொன்னாள். வாத்தியார் இரண்டு நீலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்கு வாத்தியார்தானே, கூட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா? கண்டுபிடிப்பத் தவளைக்குப் போர்த்தி அனுப்புனவன்னு சங்கமே சிரிக்கும்."

"சிரிக்கட்டுங்க."

"கடிதம் அப்படியே போகட்டும். மச்சானுக்குத்தான் வேலை கிடைச்சிடுச்சே. ரெண்டு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த மனிதரைச் சந்தேகத்தோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. பெயரை எடுத்தது பக்கம் சுத்தமாக இருக்கத்தானா?

"அந்தக் கடிதம் போச்சுன்னா இருநூறு தொண்டைக்கும் நீலம் அடிச்சிடுவேன்" என்றாள். "டாக்டர் சொன்னது சரின்னு உங்க புஸ்தகமே சாட்சி சொல்லும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் தூரிகையைக் கையில் வைத்திருந்தாள். பக்கத்தில் பிரதிகள் அடுக்காக இருந்தன. நீலம் ஒரு கிண்ணம் நிறையக் கரைத்து வைத்திருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் வேறு கடிதம் எழுதினார். அதில் டாக்டர் ஓணானைப் பார்க்காமல் ஒரு பொட்டலத் தாளைப் பார்த்து எழுதினார் என்றும், அந்தத் தாள் தன் வீட்டுக் கவனக்குறைவால் போனது என்றும், ஓவியர் முதலில் கண்டதைக் கண்டபடி வரைந்தவர் என்றும் இருந்தது. அண்ணன் பெயரைக் கல்லில் மறுபடி ஏற்றச் சொல்லி அச்சகத்துக்கும் இரண்டு வரி எழுதினார். 'என் வீட்டுக் கவனக்குறைவு' என்ற இடத்தை அவள் அடித்துவிட்டு, 'வண்ணம் பூசும் என் மனைவி' என்று மாற்றினாள். முதல் தடவையாகப் புத்தக விஷயத்தில் அவளைப் பற்றி ஒரு வரி வந்தது. வந்த லட்சணம் அப்படி.

கடிதத்தின் பிரதியோடு மறுவாரம் நகரத்துக்குப் போனாள். பள்ளி விட்டிருந்தது. அண்ணன் வகுப்பில் தனியாக இருந்தார். கரும்பலகையில் ஒரு யானை நின்றது. காலில் நகங்களைக்கூட எண்ணி வரைந்திருந்தார். கடிதத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"நீலத்த அன்னிக்கே பாத்துட்டேன்" என்றார்.

"ஏண்ணா சொல்லல?"

"சொன்னா உன் மேலதான பாய்வாரு. நான் பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடலாம். நீ எங்க கிளம்புவ?"

அதோடு அவள் திரும்பி வந்திருக்கலாம். எல்லாம் சரியாகிவிட்டிருந்தது. பெட்டியைத் திறந்தது கணவன் என்றுதான் அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார், நினைத்துக்கொண்டே இருப்பார், வாத்தியாரும் வாய் திறக்கப்போவதில்லை. அண்ணன் அவளுக்கு உட்கார ஒரு சின்ன நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்தக் கையைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

"அண்ணா, உங்க பெட்டியத் திறந்தது நான்தான். கவரப் பத்தி அவர்கிட்ட சொன்னதும் நான்தான்."

அண்ணன் அவளைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அது எனக்குத் தெரியாது" என்றார்.

பிறகு துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி, யானையை வாலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். யானை முழுவதும் அழிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.